சாலை வளர்ந்த வருஷம்

நோய் வந்த வருஷத்தில், ஆள் நடமாட்டம் கூடாதென்று அரசாங்கம் சொல்லி, சனங்களும் கதவைச் சாத்திக்கொண்டு ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில், மிதிக்கக் காலில்லாமலும் உருளச் சக்கரமில்லாமலும் வெயிலில் சும்மா கிடந்த சென்னைப் பட்டணத்துச் சாலைகள் வளர்ந்துவிட்டன. முடிவெட்டும் கடைகளும் மூடிக் கிடந்த காலம் அது. ஆம்பளைகளுக்கெல்லாம் முடி காதை மூடித் தொங்கிக்கொண்டிருந்ததால், சாலையும் வளர்ந்திருக்கிறது என்ற சேதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டாமல் விட்டால் வளரத்தானே செய்யும் என்று கொடுங்கையூரில் பேசிக்கொண்டார்கள்.

அங்கே குடியிருந்த அமுலுவுக்கு அது தெரிய வந்தது, ஊரடங்கைத் தளர்த்திய பிறகு தெருமுனைக்குப் பால் வாங்கப் போன அன்றைக்கு. விடியற்காலையில் கிளம்பியவள், எப்போதும் போலத்தான் நடந்தாள், வழியில் யாரிடமும் வாய் கொடுக்கவும் இல்லை. வீடு திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது, பால் திரிந்து கெட்டியாகிவிட்டிருந்தது.

"பாலு வாங்கப் போனியா, தயிரு வாங்கப் போனியா?" என்று கேட்டான் அவள் புருஷன் தேசிங்கு.

"ரோடு நீண்டுக்குச்சுய்யா" என்றாள் அமுலு. சொல்லிக்கொண்டே அடுத்த செவ்வாய்க்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள். பாலுக்காக அல்ல. தேசிங்குவின் இரண்டு சிறுநீரகங்களும் போய் இரண்டு வருஷமாகிறது. ஒரு காலத்தில் மண்டியில் அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் போட்டவன், இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரியில் மெஷின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டால்தான் அடுத்த மூன்று நாலு நாளைக்கு உயிரோடு இருக்க முடியும். ஊரடங்கு இறுக்கமாக இருந்தவரை அவனைப் போன்ற நாலைந்து பேரை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வந்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் அவரவர் வழியில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வழிதான் வளர்ந்து கிடந்தது.

பஸ் ஓடத்தான் செய்தது. ஆனால் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒருவர்தான் உட்கார வேண்டும் என்று, பக்கத்து இடத்தில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போய்ச் செத்தது போலச் சனங்களுக்கு ஒரு கிலி. மூச்சு முட்ட நெருக்கியடித்துக்கொண்டு, ஒருத்தர் கால் மேல் இன்னொருத்தர் நின்று, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பயணம் போன ஊர், ஒரே மாதத்தில் பஸ்ஸை மறந்தது. பரணில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்தார்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்து ஸ்கூட்டர் வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு வண்டி என்றிருந்தது ஆளுக்கு ஒரு வண்டி என்றானது. அப்படி ஆளாளுக்குத் தனியாகப் போகப் போக, சாலை இன்னும் வளர்ந்தது.

அளந்து பார்க்கிறோம் என்று அதிகாரிகள் டேப்போடு வந்தார்கள். சாலையில் பட்ட மாத்திரத்தில் டேப்பும் சேர்ந்து நீண்டுகொண்டதால், எல்லாம் பழைய அளவுதான் இருக்கிறது, வதந்தி பரப்பினால் நடவடிக்கை பாயும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஆபீஸ் போய்ச் சேர மறுநாள் ஆயிற்று.

சனங்கள் என்ன செய்வார்கள், பழகிக்கொண்டார்கள். மாற்றுத் துணியோடும் கட்டுச்சோற்றோடும் வேலைக்குக் கிளம்பினார்கள். தையல் கடைக்கும் அதை ஒட்டியிருந்த மருந்துக் கடைக்கும் நடுவில் முளைத்த வெட்டவெளியில் ஒருத்தி இட்லிக் கடை போட்டாள், இன்னொருவர் பஞ்சர் ஒட்டினார், பிறகு யாரோ ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்து அவருக்கும் முகக்கவசம் கட்டிவிட்டார்கள். புதிதாக வளர்ந்த இடத்தில் கல் நட்டு, கிழக்குப் பார்த்த மனை, மெயின் ரோட்டுக்கு மிக அருகில் என்று தரகர்கள் விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் மனை தினமும் கொஞ்சம் பெரிதாகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். தெருநாய்கள் மட்டும் எப்போதும் போல எந்தத் தெரு என்று பாராமல் ஏழெட்டாக ஒட்டி ஓடி, மூலக்கடைச் சந்திப்பை ஒரு நிமிஷத்தில் தொட்டுவிட்டுத் திரும்பின. அது ஏன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. எல்லாவற்றிலும் மெதுவாகப் போனவை, கூட ஒரு உறவும் ஏறாமல் சுடுகாட்டுக்குப் போன வண்டிகள். அவை போகும் திசையை அமுலு பார்க்காமல் இருக்கப் பழகினாள்.

பக்கத்துத் தெரு மீரான் பாயின் ஆட்டோவில்தான் தேசிங்குவைக் கூட்டிப் போனாள். தனக்கும் சவாரிக்கும் நடுவில் பாய் ஒரு பிளாஸ்டிக் திரை கட்டியிருந்தார். முதலில் விடிந்து கிளம்பினால் பகலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு இருட்டோடு கிளம்பினார்கள். பிறகு முந்தின நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் இரண்டு சங்கதி சொன்னார். "ஒரு முறைகூட விடக் கூடாது, விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்" என்பது ஒன்று. "வெளியாட்களைக் கிட்டவே சேர்க்காதீங்க, இவருக்குத் தொத்திக்கிச்சுன்னா நம்ம கையில இல்லம்மா" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாள் அமுலு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு கீரைக்காரம்மாவால். மாத்திரை வாங்க அமுலு தனியாக பஸ்ஸில் போன ஒருநாள், மூலக்கடையில் ஏறிய அந்த அம்மா, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவளைப் பார்த்ததும், காலங்காலமாக இந்த ஊர் பஸ்ஸில் நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் செய்வது போல, "கொஞ்சம் வச்சுக்கம்மா" என்று கீரை மூட்டையை இவள் மடியில் வைத்தார். இவளும் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கி அணைத்துக்கொண்டாள். தப்பு நடந்துவிட்டது என்று இருவருக்கும் உறைக்க ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணத்துக்குள் பஸ் இரண்டு நிறுத்தத்தைத் தாண்டியிருந்தது. கீரைக்காரம்மா வெடுக்கென்று மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார். சாலை மறுபடி நீண்டது.

பார்த்தவர்கள் சொல்ல, கேட்டவர்கள் சொல்ல, வாரம் முடிவதற்குள் பட்டணம் முழுக்கத் தெரிந்துவிட்டது: முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தால், ஒருவர் பாரத்தை ஒருவர் மடியில் வாங்கினால், சாலை சுருங்குகிறது. ஒரே வீட்டு ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்கள், சாலை ஏமாறவில்லை. சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் அதன் கணக்கிலேயே இல்லை. துணிந்த சிலர் பெரம்பூரில் ஒரு ஷேர் ஆட்டோவில் பழையபடி நெருக்கியடித்து ஏறி, ஏறிய கையோடு இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினார்கள். அடுத்த வாரம் அவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஒருவர் திரும்பவில்லை.

அதற்கப்புறம் யாரும் முயற்சி செய்யவில்லை. மருந்து எதுவென்று தெரிந்திருந்தது, அதைக் குடிக்கத்தான் பயமாக இருந்தது. ஆளுக்கொரு வண்டியில், ஆளுக்கொரு சோற்று மூட்டையோடு, முன்னைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, திங்கள் மதியமே கிளம்பியும், அமுலுவும் தேசிங்குவும் போய்ச் சேர்ந்தபோது அவன் முறை முடிந்து, காத்திருந்த வேறொருவர் மெஷினில் படுத்திருந்தார். அவர் எழுந்தபின் இவனைப் படுக்க வைக்கலாமென்றால், அவருக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போடுகிறேன், எப்பாடு பட்டாவது வந்துவிடுங்கள் என்றார் நர்ஸம்மா. திரும்பும் வழியிலேயே தேசிங்குவின் கால் வீங்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை முகமும் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான்.

இந்த நிலைமையில் ராத்திரி முழுக்க ஆட்டோவில் போனால் அவன் தாங்க மாட்டான் என்று, வியாழக்கிழமை கிளம்பாமலே இருந்துவிட்டாள் அமுலு. இப்போதாவது போகலாமென்று வெள்ளி விடிந்ததும் வாசலில் வந்து நின்ற மீரான் பாயிடம், "பாய், வண்டி வேணாம்" என்றாள்.

பாய்க்கு முகம் வாடிவிட்டது. "நான் இன்னா தங்கச்சி பண்ணேன்? சர்ர்னு ஓட்டினு பூட்றேன், ஏத்து."

"நீங்க எப்டி ஓட்னாலும் நீளும். நீங்க இப்ப எங்களுக்கு அண்ணன் மாரி ஆயிட்டீங்க."

பாய் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தேசிங்குவைத் தூக்கி, பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் எட்டுப் பத்துப் பேர், தலைக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேசிங்குவை முன் சீட்டில், கம்பியில் சாய்ந்தாற்போல உட்கார வைத்தாள். பஸ் கிளம்பியது. கிளம்பி, போய்க்கொண்டே இருந்தது. மூலக்கடை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலுள்ள பாலத்துக்கு எவ்வளவு நேரமானதோ, இட்லிக் கடையும் பிள்ளையாரும் மனைக் கற்களும் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தன. தேசிங்கு வாயால் மூச்சு விட்டான். அவன் நெஞ்சுக்குள் கொதிக்கிற உலை மாதிரி ஒரு சத்தம். இன்னும் கொஞ்ச தூரம்தான்யா என்று சொல்லப் போன அமுலு, அது பொய் என்பதால் சொல்லவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வேறெதுவும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின் சீட்டில் இருந்த ஒரு வாலிபனிடம் போய், "கொஞ்சம் மடியில வச்சுக்கிறியாப்பா? எங்க ஊட்டுக்காரர் தாங்க மாட்டாரு போல கீது" என்றாள்.

அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டான். "அக்கா, ஊட்ல கைக்கொழந்த கீதுக்கா. தப்பா நெனைக்காத." அவனைத் தப்பாக நினைக்க அவளால் முடியவில்லை. அடுத்திருந்த பெண்மணி இவள் வருவதற்கு முன்பே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கடுத்தவர் தூங்குவது போல இருந்தார். கண்டக்டர், "யம்மா, போய் உன் எடத்துல குந்தும்மா. நின்னா எனக்கு மெமோ குடுப்பாங்க" என்றார், அதட்டலாக இல்லை, கெஞ்சலாக.

"இப்டிக் குடும்மா" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. நடுத்தர வயது மனிதர், சட்டைக் கையில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள். அமுலு பையோடு அவர் பக்கம் ஓடினாள். அவர் கையை நீட்டவில்லை.

"நான் வச்சுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். எனக்கு மூணு நாளா ஜுரம். வாசன ஒண்ணும் தெரியல. டெஸ்ட் எடுக்கத்தான் போய்க்கினு கீறேன். வேணுமா வேணாமான்னு நீயே சொல்லு."

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. எல்லோரும் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கமாக நகர்ந்தார்கள். கண்டக்டர் விசிலை எடுத்து வாயருகே கொண்டுபோய், ஊதாமல் வைத்திருந்தார். அமுலு திரும்பிப் பார்த்தாள். தேசிங்குவின் தலை கம்பியில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"வச்சுக்கங்க" என்றாள்.

அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாலை சுருங்கியது, ஆனால் கொஞ்சம்தான். மாதக்கணக்கில் வளர்ந்தது ஒரு பைக்கு அடங்குமா? பாலம் கண்ணுக்குத் தெரிந்தது, கிட்டே வரவில்லை. அமுலு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெருக்கல் குறியின் மேல், அவர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"ஏ, அங்க ஏன் போய்க் குந்தினே?" என்று முன்னாலிருந்து இழுத்து இழுத்துக் கேட்டான் தேசிங்கு.

"இங்க காத்து வருதுய்யா" என்றாள்.

அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தச் சூடு சட்டையைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி அவள் தோளுக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மருந்துக் கடை ஓடிவந்து தையல் கடையோடு ஒட்டிக்கொண்டது. மனைக் கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மறைந்தன. இட்லிக் கடைக்காரி கரண்டியோடு நின்றபடி கண்ணெதிரே வந்து போனாள். தனித்தனியே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பது போலிருக்க, பஸ் அவர்களையெல்லாம் கடந்து பாலத்தில் ஏறியது. முன்னால் ஒதுங்கியிருந்த சனங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருவரையும் இறக்கி விடும்படி கண்டக்டரிடம் சொல்லவும் இல்லை. அவர்களுக்கும் போகவேண்டிய இடம் இருந்தது.

இந்த மனிதருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், தனியாக ஏன் வருகிறார், நாளைக்கு இவரை யாரிடம் விசாரிப்பது என்று அமுலு நினைத்தாள். "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்க வாயெடுத்தாள்.

"பேரு கேக்காதம்மா" என்றார் அவர். "தெரிஞ்சவங்களாப் பூட்டா ரோடு நீண்டுக்கும்."

"அப்ப இன்னாதான் பேசறது?"

"சொம்மா குந்தினு போவலாம். முன்னல்லாம் அப்டித்தானே போவோம்."

அப்படியே போனார்கள். இருமல் வந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இருமினார். அமுலு நகரவில்லை. பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

சனங்கள் விழுந்தடித்து இறங்கி, கையில் மருந்தை ஊற்றித் தேய்த்துக்கொண்டு கலைந்தார்கள். அவர் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, இடது பக்கம் துணிப்பந்தல் போட்டிருந்த டெஸ்ட் வரிசையை நோக்கி, யாரையும் தொட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரர நீங்க எறக்கி விடுங்க. நான் தொடக் கூடாது" என்றாள் அமுலு கண்டக்டரிடம். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தேசிங்குவைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்.

வாசலில் காவலுக்கு நின்றவர் எல்லோரையும் கேட்பது போலக் கேட்டார். "கூட யாரு?"

"நான்தான் சம்சாரம்."

"காய்ச்சல் இருக்கறவங்க யார் கூடயாவது பழகினீங்களா?"

மாதக்கணக்கில் கேட்கப்படும் கேள்வி. ஒரு நொடியில் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். தேசிங்கு அவளைப் பார்த்தான். மூட்டை தூக்கிய அந்த ஆளுக்கு ஊசி என்றால் நடுக்கம், மெஷினில் மாட்டும்போது இவள் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். இப்போதும் அதற்காகத்தான் வலது கையைப் பாதி நீட்டி வைத்திருந்தான்.

"ஆமாங்க" என்றாள் அமுலு. "ஒட்டித்தான் குந்தினு வந்தேன். இவர் என்கிட்ட வரல."

காவலர் இரண்டடி பின்வாங்கி, தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். உள்ளிருந்து ஓர் ஆயாம்மா சக்கர நாற்காலியோடு வந்து தேசிங்குவை உட்கார வைத்தார். அவனுக்கு அவரைத் தெரியாது. அவன் தோளில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே நடக்க, மெஷின் அறையின் கதவு அவனுக்கு முன்னால் கிட்டத்திலேயே இருந்தது. அவனுக்குப் பின்னால், அவனுக்கும் அமுலுவுக்கும் நடுவில் இருந்த நடைவழிதான் வளர ஆரம்பித்தது. வெள்ளைச் சுவர் நீண்டது, குழல் விளக்குகள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. நாற்காலி ஒரு பெட்டி அளவுக்கு ஆனது, பிறகு ஒரு கைப்பிடி அளவுக்கு.

"அமுலு, எங்க கீறே? காணலியே" என்று அவன் குரல் வந்தது. எப்போது கூப்பிட்டது இப்போது வந்து சேர்கிறதோ தெரியவில்லை.

"இங்கதான்யா கீறேன். கிட்டத்தான்" என்று அவள் கத்தினாள். குரல் அங்கே போய்ச் சேரும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.